வீலி பார்: அளவெடுப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை, வட சென்னைப் பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு வழிகாட்டி

டிராக் ரேஸ், அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் பந்தய வண்டியின் பின்னால் இரண்டு நீளமான குழாய்ச் சட்டங்கள் நீட்டிக்கொண்டிருப்பதையும், அவற்றின் நுனியில் சின்னச் சக்கரங்கள் இருப்பதையும் படங்களில் பார்த்திருப்பீர்கள். புறப்படும் வேகத்தில் வண்டி மூக்கைத் தூக்கி மல்லாந்துவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. பெயர் வீலி பார். வியாசர்பாடி, மூலக்கடை, தண்டையார்பேட்டை பக்கம் பட்டறையில் வண்டி கட்டும் தம்பிகள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். எத்தனை அடி நீளம், தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பதுதான் பெரும்பாலும் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் கீழே வருகிறது. அதற்கு முன்னால் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. வீலி பார் தரையில் அழுத்தும் ஒவ்வொரு கிலோவும் பின் டயரிலிருந்து எடுக்கப்பட்ட கிலோ. டயரில் எடை குறைந்தால் பிடிப்பு குறையும், பிடிப்பு குறைந்தால் நேரம் போகும். அதனால் சரியாக அமைந்த பார் தரையைத் தொடாமலோ, லேசாக உரசியோ ஓட்டத்தை முடிக்கும். வண்டி முழுக்க அதன்மேல் சாய்ந்து ஓடுகிறது என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

முதலில், உங்கள் வண்டிக்கு இது வேண்டுமா?

முன்சக்கரம் எப்போது தரையை விடும் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். பின் ஆக்சிலிலிருந்து எடை மையம் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். அதை எடை மையத்தின் உயரத்தால் வகுங்கள். வருகிற எண், முன்சக்கரம் தூக்கத் தேவையான முடுக்கம், ஜி கணக்கில். 1 ஜி என்பது கீழே விழும் பொருளுக்குப் புவியீர்ப்பு தரும் முடுக்கம்.

எடை மையம் எங்கே என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மணலியிலும் மாதவரத்திலும் லாரிகளுக்கான எடைமேடைகள் நிறைய இருக்கின்றன. வண்டியை ட்ரெய்லரில் கொண்டுபோய், ஓட்டுநரை உட்காரவைத்து, முழு வண்டியையும் ஒரு முறை எடை போடுங்கள். அப்புறம் முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்து இன்னொரு முறை. பிரீமியர் பத்மினி காரை எடுத்துக்கொள்வோம். வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், 2,340 மி.மீ. வேறு இன்ஜின் வைத்து, ஓட்டுநருடன் மொத்தம் 1,000 கிலோ, முன் ஆக்சிலில் 470 கிலோ என்று வைத்துக்கொண்டால், 2,340-ஐ 0.47-ஆல் பெருக்க 1,100 மி.மீ. வரும். எடை மையம் பின் ஆக்சிலுக்கு அவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறது.

உயரம் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். பின்பக்கத்தை அரை மீட்டர் தூக்கி வைத்து, முன் ஆக்சிலில் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி வண்டியில் அது 20 கிலோ அளவுக்குத்தான் கூடும். லாரி எடைமேடை 5 கிலோ, 10 கிலோ என்று தாவித் தாவிக் காட்டுவதால் அதை நம்ப முடியாது. சக்கரத்துக்கு ஒன்றாக வைக்கும் தட்டுத் தராசு கிடைத்தால் செய்யுங்கள். இல்லையென்றால் முதல் கணக்குக்கு 500 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 1,100-ஐ 500-ஆல் வகுத்தால் 2.2 ஜி.

இப்போது யோசித்துப் பாருங்கள். சாதாரண ரோடு டயர் நல்ல தார்ச்சாலையில் 1 ஜி கொடுத்தாலே பெரிது. பள்ளக் கோடுகள் இல்லாத வழவழப்பான ஸ்லிக் டயர் போட்டு, பசை தெளித்துத் தயார் செய்த தளத்தில் ஓடும் வண்டிதான் 2 ஜி பக்கம் போகும். இன்னொரு வழியிலும் இதைச் சரிபார்க்கலாம். புறப்பட்ட இடத்திலிருந்து முதல் 60 அடியை, அதாவது 18.3 மீட்டரை, எத்தனை நொடியில் கடக்கிறீர்கள்? 1.8 நொடி என்றால் சராசரி முடுக்கம் கிட்டத்தட்ட 1.15 ஜி. 1.5 நொடி என்றால் 1.66 ஜி. 1.3 நொடி என்றால் 2.2 ஜி. இது சராசரிதான். கிளட்ச் விட்ட நொடியில் உச்சம் இதைவிட மேலே போகும். என் கணிப்பில் 60 அடி நேரம் 1.8 நொடிக்கு மேல் இருக்கும் வண்டிக்கு வீலி பார் வெறும் சுமை. 1.5-க்குக் கீழே வரத் தொடங்கினால் பார் இல்லாமல் ஓட்டக் கூடாது.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். பைக்கில் எடை மையம் உயரம், வீல்பேஸ் சிறியது. 1 ஜி பக்கம் போனாலே முன்சக்கரம் எழும்பிவிடும். பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மை நீளமாக்குவதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு விஷயம். மூக்கு தூக்குகிறது என்றதும் பார் வாங்க ஓடாதீர்கள். முன் சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் விரியலாம் என்பதற்குப் பட்டை கட்டி வரம்பு வைக்கலாம். பின் ஷாக் அப்சார்பரை இறுக்கலாம். பேட்டரியை முன்னுக்கு நகர்த்தலாம், புறப்படும் ஆர்.பி.எம்.மைக் குறைக்கலாம். இவற்றைச் செய்து பார்த்த பிறகும் தூக்கினால், அந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் பார். முன்சக்கரம் காற்றில் இருக்கும்போது ஸ்டீயரிங் கிடையாது. எண்ணெய்த் தொட்டியில் ஆயில் பின்பக்கம் ஓடிவிடும், ஆயில் உறிஞ்சும் குழாய் முன்பக்கம் இருந்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது. இறங்கும்போது முன் சஸ்பென்ஷன் உடையும். இந்த மூன்றும் சேர்ந்துதான் பாரை அவசியமாக்குகின்றன.

எதில் மாட்டுவது: ஆக்சிலிலா, பாடியிலா?

இரண்டு வழியும் உலகில் நடப்பில் இருக்கின்றன. ஆனால் நம் ஊர்ப் பழைய வண்டிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். சக்கரம் முன்னால் சுற்றும்போது அதன் எதிர்வினையாக ஆக்சில் ஹவுசிங் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். பினியன் மூக்கு, அதாவது ஹவுசிங்கில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் முன்முனை, மேலே போகும், பட்டை 'எஸ்' வடிவில் முறுக்கிக்கொள்ளும். ஹவுசிங்கில் வெல்டு செய்த பாரின் வால் அப்போது கீழே இறங்கும். வெறும் 3 டிகிரி முறுக்கினாலே 1.5 மீட்டர் நீளப் பாரின் நுனி 78 மி.மீ. இறங்கிவிடும். நீங்கள் 75 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால், மூக்கு எழும்பும் முன்னாலேயே பார் தரையில் குத்தியிருக்கும். ஓட்டுகிறவருக்கு டயர் சுழல்வது மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. அதனால் பட்டை ஸ்பிரிங் வண்டியில் முதலில் முறுக்கை அடக்க வேண்டும். ஹவுசிங்கிலிருந்து முன்னோக்கிப் போய் வண்டியோடு இணையும் ஏணி வடிவச் சட்டமான லேடர் பார் மாதிரி ஏதாவது ஒன்று போட்ட பிறகே ஹவுசிங்கில் பார் மாட்டுவது பற்றிப் பேசலாம். ஆக்சிலை நாலு இணைப்புத் தண்டுகள் பிடிக்கும் நாலு லிங்க் போட்ட வண்டியில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

பாடியில் மாட்டினால் முறுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பாடி உட்காருவதற்கும் எழும்புவதற்கும் ஏற்ப பாரும் ஏறி இறங்கும். அதோடு பத்மினி, அம்பாசிடர் இரண்டுக்கும் தனி சேசிஸ் கிடையாது. டிக்கித் தகரத்தில் பிராக்கெட் வைத்து வெல்டு செய்தால் இரண்டாவது ஓட்டத்திலேயே கிழியும். ரோல் கேஜின் பின் கால்களோடு இணைத்த சட்டம் ஒன்று கட்டி, அதில்தான் மாட்ட வேண்டும். கேஜ் இல்லாத வண்டியில் வீலி பார் மாட்டுவதே தவறு. மல்லாக்கும் அளவுக்குச் சக்தி இருக்கிற வண்டியில் ஆளைக் காக்கும் கூடு முதலில் இருக்க வேண்டும்.

வெல்டிங் தொடங்கும் முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள். காலி டேங்க் என்று விட்டுவிடாதீர்கள், ஆவிதான் வெடிக்கும். பேட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும்.

நீளமும் அதன் கணக்கும்

அதே பத்மினி, 1,000 கிலோ, எடை மையம் அரை மீட்டர் உயரம். புறப்பாட்டில் ஒரு கணம் 2.5 ஜி வந்தது என்று வைத்துக்கொள்வோம். மூக்கைத் தூக்கும் திருப்பம் 1,250 கிலோ-மீட்டர் (இது தூரம் இல்லை, கிலோவை மீட்டரால் பெருக்கிய திருப்பு விசை). எடை அதை எதிர்ப்பது 1,100. மிச்சம் 150 கிலோ-மீட்டரைப் பார் தாங்க வேண்டும். பார்ச் சக்கரம் பின் ஆக்சிலிலிருந்து 1 மீட்டர் பின்னால் இருந்தால் அதன்மேல் 150 கிலோ ஏறும். 1.5 மீட்டரில் இருந்தால் 100 கிலோ. அதாவது நீளம் கூடக் கூட டயரிலிருந்து பறிபோகும் எடை குறைகிறது. குட்டையான பார் டயரை அதிகமாகத் தூக்கும். முட்டும்போது அடியும் கடுமையாக இருக்கும்.

அப்படியென்றால் எவ்வளவு நீளமாகவும் போகலாமா? போகலாம், ஆனால் குழாய் நீளமானால் வளையும், எடை கூடும், ட்ரெய்லரில் ஏற்ற முடியாது. பத்மினி அளவு வண்டிக்கு ஆக்சிலிலிருந்து 1.3 முதல் 1.5 மீட்டர் வரை நல்ல தொடக்கம். கான்டெசா போல 2,667 மி.மீ. வீல்பேஸ் உள்ள வண்டி தானாகவே கொஞ்சம் அடக்கமாக இருக்கும், அதற்கும் இதே நீளம் போதும்.

குழாய் எவ்வளவு கனம்?

ஒவ்வொரு பக்கமும் மேல் குழாய் ஒன்று, கீழ்க் குழாய் ஒன்று. இரண்டும் வண்டிப் பக்கம் விலகியும் சக்கரப் பக்கம் சேர்ந்தும் ஒரு நீள முக்கோணமாக நிற்கும். தரை சக்கரத்தை மேலே தள்ளும்போது கீழ்க் குழாய் இழுபடுகிறது, மேல் குழாய் அமுங்குகிறது. இழுபடும் குழாய் சீக்கிரம் தோற்காது. அமுங்கும் குழாய்தான் நடுவில் வளைந்து மடங்கும். ஆகவே கவனம் முழுக்க மேல் குழாயில் இருக்க வேண்டும்.

வண்டிப் பக்கம் மேல், கீழ் மாட்டும் இடங்களுக்கு நடுவே 250 மி.மீ. என்று வையுங்கள். நுனியில் 100 கிலோ ஏறினால் மேல் குழாயில் 100 × 1.5 ÷ 0.25, அதாவது 600 கிலோ அமுக்கம். ஆனால் பார் மெதுவாகத் தரையில் உட்காருவதில்லை, வந்து மோதுகிறது. நான் மோதலுக்கு மூன்று மடங்கு வைத்துக்கொள்வேன். 1,800 கிலோ. இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம். வண்டி கொஞ்சம் கோணலாக எழும்பினால் ஒரு பக்கம்தான் முழுச் சுமையும் வாங்கும்.

1 அங்குல வெளிவிட்டம், 2.1 மி.மீ. சுவர் உள்ள இரும்புக் குழாய், 1.5 மீட்டர் நீளத்தில் ஆதரவே இல்லாமல் நின்றால் சுமார் 900 கிலோ அமுக்கத்தில் மடங்கிவிடும். ஒன்றேகால் அங்குலம் என்றால் 1,900 கிலோ வரை தாங்கும். விட்டத்தில் கால் அங்குலம் கூட்டினால் இரண்டு மடங்கு. இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. மேல் குழாயின் நடுவிலிருந்து கீழ்க் குழாய்க்கு ஒரு குறுக்குக் குழாய் கட்டினால், வளையக்கூடிய நீளம் பாதியாகிறது, தாங்கும் சுமை நாலு மடங்காகிறது. அந்த முக்கால் அங்குலக் குறுக்குக் குழாயின் எடை சில நூறு கிராம்தான். அதை விட்டுவிட்டு மொத்தக் குழாயையும் தடிமனாக்குவது வீண். சரி, ஒன்றேகால் அங்குலக் குழாய், நடுவில் குறுக்குக் கட்டு, இடது பாரையும் வலது பாரையும் இணைத்து மூலைவிட்டமாக ஒரு குழாய். பக்கவாட்டு ஆட்டத்தை இந்த மூலைவிட்டம் தாங்கும்.

குழாயை பாரிமுனையில் செம்புதாஸ் தெரு பக்கம் தேடலாம். தையல் இல்லாத குழாய், அதாவது சீம்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். நாற்காலி, கேட் செய்யும் மெல்லிய குழாயை யாராவது எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுவர் கனத்தைக் கடையிலேயே வெர்னியர் வைத்து நாலு இடத்தில் பாருங்கள். 4130 குரோம்-மாலி என்ற கலப்பு எஃகுக் குழாய் கிடைத்தால் பலம் கூடும், ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மடங்கும் கணக்கில் குரோம்-மாலிக்கும் சாதா இரும்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விறைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். முதல் பாருக்குச் சாதா சீம்லெஸ் போதும்.

வெல்டிங்கை ஆர்கானில் செய்யச் சொல்லுங்கள். சிஓ2 வெல்டிங்கும் தெரிந்த கை செய்தால் பரவாயில்லை. சாதாரண ராடு வெல்டிங்கில் 2 மி.மீ. சுவரின் ஓரம் அரித்துப் பள்ளம் விழும், விரிசல் அங்கேதான் தொடங்கும். வெல்டு போட்டதும் தண்ணீர் ஊற்றி ஆற்றும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இங்கே அது கூடவே கூடாது. குரோம்-மாலி என்றால் வெல்டு ஓரம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தானாக ஆறட்டும், டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இணைப்புகளும் சக்கரமும்

மேல் குழாயின் வண்டிப் பக்க முனையில் நீளம் மாற்றும் வசதி வேண்டும். அங்கே ராட் எண்ட், அதாவது உருண்டை மூட்டு உள்ள மரைத் தண்டு, போட்டு, அதற்கும் குழாய்க்கும் நடுவே ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை உள்ள இணைப்புத் துண்டு வைத்தால், குழாயைக் கழற்றாமலே அந்தத் துண்டைச் சுழற்றி உயரம் மாற்றலாம். மேல் குழாயை நீளமாக்கினால் சக்கரம் கீழே வரும், குட்டையாக்கினால் மேலே போகும். லேத்தில் மரை போடும்போது, ராட் எண்டின் மரை குழாய்க்குள் தன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே நிற்கும்படி கணக்கிடுங்கள். ஒவ்வொரு ராட் எண்டுக்கும் பூட்டு நட் கட்டாயம்.

பிராக்கெட் இரண்டு பக்கமும் காது உள்ளதாக இருக்கட்டும். ஒற்றைத் தகட்டில் போல்ட்டைத் தொங்கவிட்டால் போல்ட் வளைந்து அறும். 8.8 தரத்துக்குக் குறையாத 12 மி.மீ. போல்ட், மேலே நைலாக் நட். போல்ட்டின் மரை இல்லாத வழவழப்பான பகுதிதான் காதுகளுக்குள் நிற்க வேண்டும்.

சக்கரத்தில்தான் நிறையப் பேர் மலிவைத் தேடுகிறார்கள். தள்ளுவண்டிக்கும் ட்ராலிக்கும் விற்கும் 100 மி.மீ. பாலியூரிதேன் சக்கரம் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். வேகத்தைக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 3,180 சுற்று சுற்றும். 160 கி.மீ.யில் 8,490 சுற்று. நடக்கும் வேகத்துக்குச் செய்த சக்கரத்தின் மேல்தோல் அந்த வேகத்தில் உரிந்து பறக்கும். பேரிங் பிரச்சினை இல்லை, 6202 போன்ற சாதாரண மூடிய பேரிங் அந்தச் சுற்றைத் தாங்கும். சக்கரத்தின் ஒட்டுதான் தாங்காது. அலுமினிய நடுவில் கெட்டியான ரப்பரோ பாலியூரிதேனோ வார்த்து, பந்தயத்துக்கென்றே செய்த சக்கரத்தை வாங்குங்கள். முழு இரும்புச் சக்கரம் வேண்டாம். அமெரிக்காவில் டிராக் ரேஸ் விதிகளை வகுக்கும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு உலோகச் சக்கரத்தை அனுமதிப்பதில்லை. ஓடும்போது உயரம் மாறும்படி ஹைட்ராலிக், காற்று, எலக்ட்ரானிக் அமைப்பு எதையும் அது விடுவதில்லை. இங்கே போட்டி நடத்துகிறவர்களின் விதிப் புத்தகத்தைக் கட்டுவதற்கு முன்னாலேயே வாங்கிப் படித்துவிடுங்கள்.

இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அரை மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுவது என் வழக்கம். நெருக்கமாக இருந்தால் வண்டி பக்கவாட்டில் சாயும்போது பிடிக்க ஆள் இல்லை.

உயரம் வைப்பது

இதை அவசரமாகச் செய்யக் கூடாது. பட்டறைத் தரை சமமா என்று முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வட சென்னையில் பல பட்டறைகளில் தண்ணீர் வழியத் தரையைச் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். சாய்வு இருந்தால் சக்கரங்களுக்குக் கீழே தகடு வைத்துச் சமன் செய்யுங்கள். ஓடும்போது இருக்கிற டயர் காற்று, ஓடும்போது இருக்கிற பெட்ரோல், இருக்கையில் ஹெல்மெட்டோடு ஓட்டுநர். நம் வண்டியில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருவதால், ஆள் இல்லாமல் அளந்த அளவு ஏறியதும் மாறிவிடும். வண்டியை முன்னும் பின்னும் ஒரு மீட்டர் தள்ளிவிட்டு, பம்பரை அழுத்தி ஆட்டி ஸ்பிரிங்கை உட்காரவைத்த பிறகு அளவெடுங்கள்.

எவ்வளவு இடைவெளி? பார்ச் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே விடும் இடைவெளியை, வீல்பேஸுக்கும் பார் நீளத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால், பார் தரையைத் தொடும்போது வண்டியின் மூக்கு எவ்வளவு எழும்பியிருக்கும் என்று வரும். 75 மி.மீ. இடைவெளி, 1,500 மி.மீ. பார், 2,340 மி.மீ. வீல்பேஸ் என்றால் மூக்கு 117 மி.மீ. எழும்பும். ஆனால் முன் டயர் அவ்வளவு எழும்பாது. சஸ்பென்ஷன் 80 மி.மீ. விரியும் வண்டியில் டயர் தரையை விட்டு 37 மி.மீ.தான் போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் 'மூணு அங்குலம் விட்டும் வண்டி தூக்கவே இல்லையே' என்று குழம்புகிறவர்கள் உண்டு.

அதற்கு மேல் ஸ்லிக் டயர் கிளட்ச் விட்ட கணத்தில் நசுங்கிச் சுருங்கும். ஆக்சில் 20 மி.மீ. இறங்கினால் பாரும் 20 மி.மீ. இறங்கும். 75 என்று வைத்தது 55 ஆகிவிடும். ஆகவே புதிய வண்டிக்கு 75-லிருந்து 100 மி.மீ.க்குள் தொடங்கலாம். முதல் நாள் 75-க்குப் பக்கத்தில் வைத்து, வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். அதிக உயரத்தில் தொடங்கி இறக்கிக்கொண்டு வருவது ஆபத்து.

இரண்டு பக்கமும் ஒரே உயரம். இதில் 2 மி.மீ. வித்தியாசம்கூட வேண்டாம். எந்தப் பக்கச் சக்கரம் முதலில் தரையைத் தொடுகிறதோ, அந்தப் பக்கப் பின் டயரில் எடை குறையும், மறுபக்க டயர் அதிகமாகத் தள்ளும். வண்டி முதலில் தொட்ட பக்கமாக இழுக்கும். அனுபவசாலிகள் இதையே பயன்படுத்தி வண்டியை நேராக ஓடவைப்பார்கள். புதியவர் அதைத் தொட வேண்டாம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் டயர் காற்று, டயர் சுற்றளவு, ஆக்சில் நேர், இவற்றைப் பார்த்து முடித்த பிறகே பார் பக்கம் வாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஒரு காலத்தில் நம் பக்கத்திலேயே பந்தய இடம் இருந்தது. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்தபின் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு நகரைச் சுற்றிப் போக வேண்டும். தூரம்தான், செலவுதான். ஆனாலும் எண்ணூர் விரைவுச் சாலையிலோ மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ இரவில் ஒரு தடவை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ராத்திரி முழுக்க ஓடும் சாலைகள் அவை. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் பொதுச்சாலையில் ரேஸ் ஓட்டுவதும் வேகச் சோதனை செய்வதும் குற்றம். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைப்பதை 52-வது பிரிவு தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், முன்சக்கரம் காற்றில் இருக்கும் வண்டிக்கு எதிரில் வரும் ஒரு ஷேர் ஆட்டோவை விலக்கத் தெரியாது.

பந்தயத் தளத்தில் செய்ய வேண்டியது இது. ஓட்டத்துக்கு முன் பார்ச் சக்கரங்களின் தரை தொடும் பரப்பில் சாக்பீஸால் அடர்த்தியாகப் பூசுங்கள். நண்பர் ஒருவரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கேமரா வண்டியின் பக்கவாட்டில், தரையோடு தாழ இருக்கட்டும். திரும்பி வந்ததும் சக்கரத்தைப் பாருங்கள். சாக்பீஸ் அப்படியே இருந்தால் பார் தொடவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் துடைத்த மாதிரி ஒரு திட்டு இருந்து, மற்ற இடத்தில் வெள்ளை நின்றால், சட்டென்று தொட்டு விட்டிருக்கிறது. நீங்கள் தேடுவது அதுதான். சுற்று முழுக்க வெள்ளை போய், ரப்பர் பளபளத்து, ஓரத்தில் கருப்புத் துகள் ஒட்டியிருந்தால் சக்கரம் நெடுந்தூரம் அழுந்தி உருண்டிருக்கிறது.

அழுந்தி உருண்டால் உடனே பாரை உயர்த்தத் தோன்றும். முதலில் வீடியோவைப் பாருங்கள். மூக்கு மெதுவாக எழும்பி பாரில் உட்கார்ந்ததா, இல்லை வேகமாக எழும்பி மோதித் துள்ளியதா? துள்ளினால் பார் மோதும்போது பின் டயர் எடை இழந்து சுழல்கிறது, மூக்கு இறங்குகிறது, டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி மூக்கு எழும்புகிறது. ஒரே ஓட்டத்தில் இது பல தடவை நடக்கும். இதற்கு மருந்து பாரில் இல்லை. முன் ஷாக் சீக்கிரம் விரிவதைக் குறைக்க வேண்டும், புறப்படும் ஆர்.பி.எம். குறைக்க வேண்டும். மெதுவாக எழும்பி உட்கார்ந்தால் அப்போது பாரை அரை அங்குலம் உயர்த்திப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். பாரையும் ஷாக்கையும் டயர் காற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். 60 அடி நேரம் குறைகிறதா என்பதே தீர்ப்பு, மூக்கு எவ்வளவு அழகாக எழும்பியது என்பதில்லை.

வெயிலையும் எழுதிவையுங்கள். காலை ஓட்டமும் மதிய ஓட்டமும் ஒரே பிடிப்பில் இருக்காது. மதியம் சரியாக இருந்த பார் உயரம், மாலையில் தளம் நன்றாகப் பிடிக்கும்போது போதாமல் போகலாம்.

ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்கு

முன்சக்கரம் தள்ளும் வண்டி மூக்கைத் தூக்காது, பிறகெதற்குப் பார் என்று கேட்கலாம். அங்கே வேலையே வேறு. புறப்படும்போது எடை பின்னால் போய்விடுவதால் இழுக்கிற முன் டயர் பிடிப்பை இழக்கிறது. பின்னால் பார் வைத்து, பின்பக்கம் உட்காராமல் முட்டுக் கொடுத்தால் வண்டி நீளமான வீல்பேஸ் உள்ளது போல நடந்துகொள்ளும். 900 கிலோ வண்டி, 2.4 மீட்டர் வீல்பேஸ், முன்னால் 60 சதவீத எடை, எடை மையம் அரை மீட்டர் உயரம், 1 ஜி என்று கணக்குப் போட்டால் பார் இல்லாமல் முன் டயர்களில் 353 கிலோதான் மிஞ்சும். பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கும் பார் பின்பக்க எடை முழுவதையும் ஏற்றுக்கொண்டால் அது 535 கிலோ ஆகும். நடைமுறையில் பின் டயரை முழுக்கத் தூக்கக் கூடாது, வண்டி நிலையில்லாமல் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பிடிக்க வேண்டும். இந்த வண்டியில் பார் பாடியோடு இணைய வேண்டும், இடைவெளியும் 10, 15 மி.மீ. அளவுக்குத்தான். முதலில் சொன்ன எடைக் கணக்கு இங்கே தலைகீழாகிவிடுவதால், பின்சக்கர வண்டிக்குச் சொன்ன உயரத்தை எடுத்து இதில் வைக்காதீர்கள்.

ஓட்டம் முடிந்த பிறகு

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று இரும்பைத் தின்னும். குழாயின் திறந்த முனைகளைத் தகடு வைத்து மூடி வெல்டு செய்யாவிட்டால் உள்ளிருந்து துரு பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ராட் எண்டை நைலான் துணியால் துடைத்து லேசாக எண்ணெய் விடுங்கள், கிரீஸ் பூசினால் மணல் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பந்தய நாளுக்குப் பிறகும் வெல்டுகளைத் துடைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். முடி போல ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். மேல் ஒட்டுப் போட்டு மூடாமல் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் போட வேண்டும். மேல் குழாயின் ஓரத்தில் நேரான அளவுகோலை வைத்து வளைவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ராட் எண்டைப் பிடித்து ஆட்டும்போது டக் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ராட் எண்ட் மாற்றினாலும், பின் டயர் மாற்றினாலும், ஸ்பிரிங் மாற்றினாலும் பழைய உயரக் குறிப்பு செல்லாது. ஓட்டுநரை உட்காரவைத்து மறுபடி அளந்து, புது அளவைத் தேதியோடு எழுதிக்கொண்ட பிறகே வண்டியை ட்ரெய்லரில் ஏற்றுங்கள்.